மேஜருக்கு எடுத்து வைத்த மீன்

ராணுவத்தில் நான் பிடித்த ஒரே ஆயுதம் ஸ்டேப்ளர். பல்லாவரத்தில் ராணுவக் கணக்கு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிறகு சேலையூரில் வீடு கட்டிக் குடிவந்தபோது காலனிச் சங்கச் செயலாளர், "சார் ஆர்மியா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. நானும் அவருக்குச் சிரமம் கொடுக்கவில்லை. சில வாரங்களில் கேப்டன் ஆனேன், பொங்கலுக்குள் மேஜர். இத்தனை வேகமான பதவி உயர்வு எந்த ராணுவத்திலும் கிடையாது.

வீரப் பதக்கங்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மிக்ஸி ஜாருக்குப் பக்கத்தில் கிடைத்தன. சுதந்திர தினத்தன்று அவற்றைக் குத்திக்கொண்டு கொடியேற்றினேன். தான் வாங்கிய பதக்கத்தை இடது மார்பில் அணிய வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் வலது பக்கம் குத்தியிருந்தேன். காலனி கைதட்டியது. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "மேஜர் சார், சிலிண்டரைக் கொஞ்சம் நகர்த்துங்க. இல்ல, இடுப்பு புடிச்சுக்குமா?" என்றாள்.

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு என்மேல் தனி மரியாதை. அவர் மகன் சிப்பாய். அதனால் தெருவில் விற்கத் தொடங்குமுன்பே மேஜருக்கென்று ஒரு நல்ல மீனை இலையில் சுற்றி வைத்துவிடுவார். ஒருநாள் கூடையை இறக்கியவர் திறக்கவில்லை.

"சார், புள்ள போன் பண்ணி ஒரு மாசம் ஆவுது. இன்னா ஏதுன்னே தெரியல. சோறு எறங்கல. நீ பெரிய ஆபீசராச்சே, ஒரு வார்த்த கேட்டுச் சொல்லேன்."

நான் குமாஸ்தா என்று சொல்லியிருக்கலாம். அடுத்த தெருவில் நிஜமாகவே விமானப்படையில் இருந்தவர் ஒருவர் குடியிருந்தார், அவரிடம் அனுப்பியிருக்கலாம். நானோ படைப்பிரிவின் பெயரை மிடுக்காகக் கேட்டுக்கொண்டு தலையசைத்தேன். அடுத்த முறை வந்தபோது, "பேசிட்டேம்மா. மலை மேல டியூட்டி, டவர் கிடையாது. ஜம்முனு இருக்கான்" என்றேன்.

அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அன்று இலையில் வஞ்சிரம். ருசியாகத்தான் இருந்தது.

பிறகு பல வாரங்கள் அவரைக் காணோம். திரும்பி வந்தபோது பாதியாக இளைத்திருந்தார். மகன் ஜம்மென்று இருப்பதாக நான் சொன்ன நாட்களில் அவன் வடக்கே ஆஸ்பத்திரியில், ஒரு கால் போய்ப் படுத்திருந்தான். அம்மா தாங்கமாட்டார் என்று யாரையும் சொல்லவிடவில்லையாம்.

"எந்தம்பி நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன்னு பையத் தூக்கிகினு கெளம்புனான் சார். மேஜர் சாரே சொல்ட்டாரு, போவாதடான்னு நாந்தான் நிறுத்திட்டேன். தனியா கெடந்துக்கிறான் புள்ள."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உன்னாண்டயே மறச்சிட்டானுங்க பாரு சார். மேஜராண்டயே பொய் சொல்றானுங்கோ!"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் எனக்கு வாய்த்ததில்லை.

"ஆமாம்மா, மறைச்சுட்டாங்க" என்றேன்.

அவர் கூடைக்குள் கைவிட்டார். அன்றும் இலையில் சுற்றியது ஒன்று இருந்தது. வாங்கிக்கொண்டேன்.