ஒனொரேயின் ஒன்றரை மணி நேரம்

பிரான்ஸின் தென்மேற்கே, காஸ்கோன் பக்கத்தில் ஒனொரே லபாத் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினார். பகல் பன்னிரண்டுக்குச் சதுக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைப்பார். ஒன்றரைக்குத்தான் எடுப்பார். அதற்கு முன்னே மேயரே வந்து நின்றாலும் வண்டி நகராது.

மேஜையில் சூப்பு, வாத்துக் கொழுப்பில் வெந்த வெள்ளை மொச்சை, ஒரு துண்டு சீஸ். கிண்ணத்தின் அடியில் மிஞ்சும் சூப்பில் கொஞ்சம் சிவப்பு ஒயினை ஊற்றி, இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பார். இரண்டாம் தடவை போடச் சொல்லமாட்டார். இடையில் எதையும் கொறிக்கமாட்டார். அப்பா வழியில் நாலு பேர் இப்படியே தின்று தொண்ணூறைத் தாண்டினவர்கள். அம்மாவின் தம்பி எலுவா மட்டும் ஐம்பதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மனைவி சொலாஞ்ஜுக்கு அந்த ஒருவர்தான் கண்ணில் நின்றார்.

அறுபதாவது வயதில் துடிப்பு தப்புவதாகச் சந்தேகப்பட்ட டாக்டரம்மா, ஒருநாள் முழுக்கப் பதிவுசெய்யும் கருவியை அவர் நெஞ்சில் ஒட்டினார். பதிவு சரியில்லை என்றால் பஸ் உரிமம் போய்விடும்.

"எப்பவும் போல இருங்க," என்று சொல்லித்தான் அனுப்பினார்.

சொலாஞ்ஜ் பயத்தில் அதைக் காதில் வாங்கவில்லை. தினமும் அவர்களோடு சாப்பிடும் தன் தம்பி அர்மானை அன்றைக்கு வராதே என்றாள். வெந்த கீரைத்தண்டும் தண்ணீரும் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். ஒனொரே நின்றபடியே விழுங்கிவிட்டு, பஸ்ஸில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டாக்டரம்மா பதிவுத் தாளைப் பார்த்தார்.

"பன்னண்டு மணிக்கு யாரோட சண்டை?"

"சாப்பிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு நிமிஷம்."

பேனாவைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமா இந்த ஊர் நெஞ்சையெல்லாம் பாக்கறேன். ஆறு நிமிஷத்துல சாப்பிட்ட ஆளை இப்பதான் பாக்கறேன். நாளைக்குத் திரும்ப ஒட்டறேன். ஒழுங்கா உக்காந்து சாப்பிடுங்க."

மறுநாள் அர்மான் வந்தான். "அத்தான், கீரைத்தண்டுக்கு மாறிட்டீங்களாமே. வாத்தெல்லாம் விழா எடுக்குது."

"உங்க அக்காவைக் கேளு."

"என்னை ஏன் இழுக்கறீங்க," என்றாள் சொலாஞ்ஜ். அவள் கண் தட்டில் இல்லை, அவர் சட்டைக்குள் போகிற கம்பியில் இருந்தது. ஒயின் புட்டியைத் தானே வாங்கி இரண்டு விரல் அளவு ஊற்றினாள். அவர் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிட்டு, எலுவா மாமா கழுதை வாங்கி ஏமாந்த கதையை எடுத்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

இந்தத் தடவை பதிவு அடங்கியிருந்தது. உரிமம் ஒரு வருஷத்துக்குக் கிடைத்தது.

"வாத்தாலயா, ஒயினாலயா, அந்த ஒன்றரை மணி நேரத்தாலயா, எனக்குத் தெரியாது. வாத்துக்கு என் பேர்ல சான்றிதழ் குடுக்காதீங்க. உப்பையும் சீஸையும் பாதியாக்குங்க," என்றார் டாக்டரம்மா.

மறுநாள் பகல் சாவி மேஜைக்கு வந்தது. சொலாஞ்ஜ் சீஸைப் பாதியாக வெட்டினாள்.

"மீதி எனக்குத்தானே, அக்கா?"

"உனக்கும் ஒரு நெஞ்சு இருக்குடா," என்று மீதிச் சீஸைப் பீங்கான் மூடியால் மூடினாள்.