ரிக் வண்டி மாத்திரை டப்பா

மலை மேலே ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீசியன். காய்ச்சலோடு வருகிறவர் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் இருக்காது. இந்தக் குளிருக்குக் கொசுவே ஸ்வெட்டர் கேட்கும் என்று எஸ்டேட்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எப்போதாவது கண்ணில் படுவது, போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்த் திரும்புகிற எங்கள் ஊர் ஆட்களின் ரத்தத்தில்தான்.

என் அண்ணனும் ரிக் வண்டி ஆள்தான். வீடு அதே மலையில் வெள்ளக்கடையில். வருடத்தில் பாதிக்கு மேல் சத்தீஸ்கர் காட்டோரம் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்குவான். தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் ஊருக்கு வந்தவன், மறுநாளே காய்ச்சலோடு அண்ணியின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து என்னிடம் வந்தான்.

"கண்ணு, ஒடம்பு நொம்ப வலிக்குது. என்னன்னு பாரு."

எங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. சமீபத்தில் மலேரியா மாத்திரை சாப்பிட்டீர்களா என்ற கேள்வி அது. மொழி தெரியாத ஆட்களிடம்கூட, உள்ளங்கையில் மாத்திரை வைத்து விழுங்குவதுபோல் நடித்துக் காட்டியாவது கேட்டுவிடுவேன். அண்ணனிடம் கேட்கவில்லை. கூடப் பிறந்தவனைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று நானே 'இல்லை' என்று எழுதிக்கொண்டேன். உடனே முடிவு சொல்லும் கார்டு அந்த வாரம் தீர்ந்துபோயிருந்தது. ஸ்லைடை மட்டும் பார்த்தேன். பொறுமையாகவே பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"மலேரியா இல்லண்ணா. சாதாக் காய்ச்சல்தான். கஞ்சி குடிச்சிட்டுப் படு."

"நல்லாப் பாத்தியா கண்ணு?"

"நீ போர் போடறப்ப நான் வந்து தண்ணி வருமான்னு கேக்கறனா?"

அவன் சிரித்தான். "ஆபீசரம்மா சொல்லிட்டாங்க, வா போலாம்" என்று அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு அந்தக் கிண்டல் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் காப்பிக் கூடை தூக்காமல் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

மூன்றாம் நாள் காலையில் அண்ணி போன் செய்தார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இல்லாத டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தானாம். பிறகு வலிப்பு வந்துவிட்டதாம். ஆம்புலன்சில் நானும் ஏறினேன். சேலத்துக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"ஏனுங்க, வண்டி ராய்ப்பூர் தாண்டிருச்சுங்களா?"

நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் அவனுக்குக் கண்ணுதான். யாரோ ஒரு சகபயணியிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டான். "தாண்டிருச்சுங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டான்.

சேலத்தில் பெண் மருத்துவர் ஒருவர் கார்டு டெஸ்ட் செய்தார். மலேரியா, அதுவும் மூளையைப் பிடித்த வகை. பிழைப்பானா என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். "இதுக்கு முன்னாடி மாத்திரை எதாவது சாப்பிட்டாரா?"

"இல்லங்க" என்றேன். நானே எழுதியது அல்லவா.

அண்ணி இடைமறித்தார். "சாப்பிட்டாருங்க. அங்கயே காச்ச வந்து, ஒரு நாளு மாத்திரை போட்டதும் வேர்த்து வுட்டுருச்சாம். மிச்சத்த வண்டி டப்பாவுல போட்டுட்டாருங்க."

ரிக் வண்டியில் அது ஒரு வழக்கம். டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு டப்பா இருக்கும். காய்ச்சல் கண்டவன் மூன்று நாள் மாத்திரையில் முதல் நாளுக்கானதை விழுங்குவான். காய்ச்சல் இறங்கியதும் மீதியை அடுத்தவனுக்கு ஆகட்டும் என்று டப்பாவில் போட்டுவிடுவான். காட்டுக்குள் ஆஸ்பத்திரி தூரம். டப்பாவில் போடாதவனைக் கஞ்சன் என்பார்களாம். அண்ணன் கஞ்சன் இல்லை.

மருத்துவர் ஒரு தாளின் பின்பக்கம் மெல்லிய குழாய் ஒன்றை வரைந்தார். கிருமி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உள்சுவரின் செல்களைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். பாசி பிடித்த பைப் மாதிரி ஓட்டம் குறையும். அந்தச் செல்கள் வீங்கி, ஒன்றோடொன்று இருக்கும் பிடி தளர்ந்து, கசியத் தொடங்கும். ஒட்டிக்கொண்டவை சுற்றி வருவதில்லை. அதனால், அதிலும் அரைகுறையாக மாத்திரை போட்டிருந்தால், விரல் ரத்தத்தில் ஒன்றுகூடத் தென்படாமல் போகலாம்.

இதைப் படித்துத்தான் பாஸ் செய்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது சரியாகப் போயிற்று.

மாற்றுத் துணி எடுத்துவர ஊருக்குப் போனவள், வேலையிடத்துக்கும் போய் அந்த ஸ்லைடை மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒன்றையாவது கண்டுபிடித்தால் கவனக்குறைவு என்று என்னைத் திட்டிக்கொள்ளலாம். கழுத்து வலிக்கும் வரை தேடினேன். ஒன்றும் இல்லை. என் கண் தவறு செய்யவில்லை. வாய் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சேலத்துக்கு அனுப்பியிருப்பேன்.

ஊசி மருந்து ஏறி மூன்றாம் நாள் அவன் கண் விழித்தான். என்னை வெகுநேரம் பார்த்தான்.

"கண்ணு, பசிக்குது."

வராந்தாவில் கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு வந்தான். நடையில் லேசான தள்ளாட்டம் இன்னும் இருந்தது. விரலைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன்.

"சமீபத்துல மலேரியா மாத்திரை எதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"என்ன கண்ணு, யாரையோ கேக்கற மாதிரி கேக்கற? நீதான முழுங்க வெச்ச?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

சிரிக்க வந்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சாப்பிட்டனுங்க" என்றான். "ஒண்ணு விடாம சாப்பிட்டனுங்க."

'ஆம்' என்று எழுதினேன். அதே பதிவேட்டில் சில பக்கங்கள் முன்னால், அவன் பெயருக்கு நேரே, என் கையெழுத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. பதிவேட்டில் அடித்துத் திருத்த எங்களுக்கு அனுமதி கிடையாது.