சக்கரம் தரையில படக்கூடாதுன்னு அண்ணன் சொன்னான்

ஏழுமலை அண்ணா, உன்ன கொன்னது மலை இல்ல. அந்த முதலாளிதான்.

எங்கண்ணன் அந்தாளுகிட்ட பேட்டரி லோடு ஆட்டோ ஓட்டினு இருந்தான். அன்னிக்கி புளி மூட்டைய ஏத்தினு ஆலங்காயம் சந்தைக்கு எறங்கறப்ப பாதி மலையில வண்டி நின்னு போச்சி. நானும் கூட இருந்தேன். போன் பண்ணதும் முதலாளி டிராக்டர் ஓட்டினு வந்துட்டாரு. எங்க மலையில எந்த வண்டி நின்னாலும் கயிறு கட்டி இழுத்துனு போறதுதான் பழக்கம்.

அண்ணன் கையெடுத்து கும்பிட்டான். "வாணாங்க. இது பெட்ரோல் வண்டி மாதிரி இல்லீங்க. இழுத்தா சக்கரத்தோட மோட்டாரும் சுத்தி கரெண்டு உண்டாவும். வயரு எரிஞ்சி சக்கரம் பூட்டிக்கும். லாரி வர வச்சி மேல ஏத்தினு போலாங்க."

"இன்னாடா, வண்டி இன்னா புதுப்பொண்ணா, பல்லக்குல தூக்கினு போவ? சந்தை முடிஞ்சப்புறம் புளிய உன் தலையில கொட்டவா? ஏறி குந்துடா!"

குந்துனான். நான் டிராக்டர்ல ஏறினேன். கொஞ்ச தூரத்துலயே வயரு எரியற நாத்தம் வந்துச்சி. "நிறுத்துங்க"ன்னு கத்துனேன். "சும்மா கெட"ன்னாரு. வளைவுல பின்சக்கரம் பூட்டிக்கினு, கயிறு அறுந்து, ஆட்டோ அண்ணனோட பள்ளத்துல உருண்டுச்சி.

கருமாதிக்கு முதலாளி மாலையோட வந்து "எல்லாம் விதிம்மா"ன்னாரு. மாலைய புடுங்கி அந்தாள் மேலயே வீசினேன். முன்னல்லாம் நானும் எதுக்கெடுத்தாலும் விதின்னுதான் சொல்வேன். இப்ப அந்த வார்த்தைய வாயில எடுக்கறதில்ல.

பேட்டரி வண்டி நின்னா கயிறு கட்டாதீங்க. சக்கரம் தரையில படாம தூக்கி ஏத்துங்க. சிரிக்கறவன் சிரிக்கட்டும். எங்கண்ணன் ஏழுமலைக்காக எல்லாரும் சாமிய வேண்டிக்குங்க.