முந்தானைக்குள்ளிருந்து கேட்ட கேள்விகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான சிறிய வகுப்பை நடத்திக்கொண்டிருந்தேன். அதில் சேர்ப்பதற்கு முன் பிள்ளையைச் சோதிக்க வேண்டும். கேள்விகளை நான் வாசிப்பேன். கல்விக் கந்தோர் உத்தியோகத்தர் எதிரே இருந்து புள்ளி போடுவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் வேற்று ஆண் முன்னால் எங்கள் பெண்கள் செய்வதுபோல முந்தானையை இழுத்து வாயை மறைத்துக்கொண்டுதான் வாசிப்பேன்.

ஒருநாள் சோதனைக்கு வந்தவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி. இரண்டு வருடமாக அதே வகுப்பில் கிடக்கிறாள்.

"காய்ச்சல் வந்து எழும்பின பொறகுதான் டீச்சர், இப்பிடி மந்தமாயிட்டாள்," என்று தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கட வகுப்புல போட்டா இவட வாப்பா பள்ளிக்கூடத்தையே நிப்பாட்டிப் போடுவார்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் வகுப்பு என்ன தொற்றுநோயா? ஆனால் அந்தத் தகப்பன் அப்படித்தான் செய்வார் என்பதும் எனக்குத் தெரியும். தாயை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னேன்.

முதலில் வண்ணக் கட்டைகள். படத்தில் இருப்பதுபோல அடுக்க வேண்டும். சிறுமி ஒரு தரம் பார்த்தாள், மளமளவென்று அடுக்கினாள், அடுத்த படத்துக்குக் கை நீட்டினாள். உத்தியோகத்தரே அசந்துபோனார். பிறகு வாய்க்கேள்விகள். "வீட்டுல நெருப்புப் பத்தினா என்ன செய்வாய்?" பதில் இல்லை. "மழை ஏன் தேவை?" பேந்தப் பேந்த விழித்தாள். நான் கத்திக் கேட்டும் பயனில்லை. வெளியே தாய் விசும்புவது கேட்டது.

கேள்விகள் முடிந்ததும் பாடசாலை அதிபர் கூப்பிட, உத்தியோகத்தர் தேநீர் குடிக்கப் போனார். புழுக்கம் தாங்காமல் முந்தானையை இறக்கினேன். "என்ன புள்ள, மானத்த வாங்குறாய்?" என்று முணுமுணுத்தேன்.

"நான் ஒண்டும் செய்யல்லியே டீச்சர்," என்றாள் சிறுமி.

கத்தியபோது வராத பதில் முணுமுணுப்புக்கு வந்துவிட்டது! அவள் கண் என் உதட்டில் இருந்தது. முந்தானையை மறுபடி வாயில் வைத்துப் பெயரைக் கேட்டேன். விழித்தாள். துணியை எடுத்துவிட்டுக் கேட்டேன். சொன்னாள்.

உத்தியோகத்தர் வந்து புள்ளிகளைக் கூட்டத் தொடங்கினார்.

"கூட்டாதீங்க சேர். கட்டையில நிறையப் புள்ளி, வாயில பூச்சியம். ரெண்டையும் சேர்த்துப் பாதியாக்கினா அது எந்தப் புள்ளைட புத்தி? இவ்வளவு நேரமும் நாம அளந்தது இவட காதை."

"கேட்ட கேள்வியைத் திரும்பக் கேக்க ஏலாது டீச்சர். சட்டம் உங்களுக்கும் தெரியும்."

"மாற்றுத் தாள் ஒண்டு இரிக்கிதானே? அதை எடுங்க."

தயங்கித் தயங்கி எடுத்துத் தந்தார். நான் முந்தானையை வாயிலிருந்து இறக்கினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனிதர் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப்போட்டு இருந்தார். பதில்களைக் காதால் மட்டும் கேட்டுப் புள்ளி போட்டார். அந்த மரியாதைக்காக இன்றும் அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். சிறுமி ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

தாயை உள்ளே கூப்பிட்டேன். "ராத்தா, ஒங்கட மகள் மந்தமில்ல. என்ட வகுப்பு இவளுக்குத் தேவையில்ல. காதுதான் கேக்குதில்ல. டொக்டரிட்டக் காட்டுங்க. முகத்தக் காட்டிக் கதைங்க, எல்லாம் விளங்கும்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அல்லாஹ்வே! பின்னால நிண்டு கூப்பிட்டுப் போட்டு, வரல்ல எண்டு அடிச்சேனே டீச்சர். எத்தின அடி!"

பிறகு மகளுக்கு முன்னால் குந்தினாள். வாயை மறைத்திருந்த முக்காட்டை விலக்கி, அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"பசிக்கிதா மகள்?"

"ஓம் உம்மா," என்றாள் சிறுமி. "ஏன் அழுறீங்க?"