தங்கச்சிக்கு மேலே ஒரு கோடு

கழுத்திலிருந்த கட்டியை எடுத்த பிறகுதான் பி-டென் என்ற பெயரே எனக்குத் தெரியவந்தது. உடம்பின் செல்களுக்கு 'வளரு, பெருகு' என்று உத்தரவு வந்துகொண்டே இருக்குமாம். போதும் என்று அந்த உத்தரவை அடக்குகிற புரதம் இது. அதைச் செய்யும் மரபணுவில் எனக்குப் பழுது. மார்பில் புற்று வந்து இறந்துபோன அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் சிரம்பான் டாக்டரம்மா.

கூட வந்திருந்த தங்கச்சி சும்மா இருப்பாளா? எங்கள் அப்பா ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர்.

"அப்போ இது, வேல போதும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்ற மண்டோர். அப்பா மண்டோரா இருந்தும் உன் ஒடம்புக்குள்ள மண்டோர் சரியில்லயே லா!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே சிரித்தும் தொலைத்தேன்.

டாக்டரம்மா ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். அப்பாவுக்குச் சதுரம், அம்மாவுக்கு வட்டம், கீழே எங்கள் இருவருக்கும் இரண்டு வட்டங்கள், எல்லாவற்றையும் சேர்க்கக் கோடுகள். "கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்றார். தங்கச்சியின் கேலி அத்தோடு நின்றது. அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். உடனே கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள்.

முடிவு வர ஆறு வாரம். என் பழுது என்னோடு போகட்டும், அவளுக்கு மட்டும் வேண்டாம் என்று கோயில் கோயிலாக ஏறி இறங்கினேன். அவளோ பிள்ளைகளுக்குத் தலை சீவும்போதெல்லாம் அவர்கள் கழுத்தைத் தடவிப் பார்த்தாளாம். அப்பா பயப்படுவார் என்று அவரிடம் மூச்சுவிடவில்லை.

முடிவு வாங்கப் போன அன்று அவரும் அடம்பிடித்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

"உங்களுக்கு அந்தப் பழுது இல்ல. அம்மாகிட்டேருந்து உங்களுக்கு வரல" என்றார் டாக்டரம்மா தங்கச்சியிடம். நான் தங்கச்சியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம்.

அப்பா மட்டும் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். "இவளுக்கு எப்படிம்மா வரும்? இவ அடுத்த வீட்டுப் புள்ளயாச்சே."

நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்தோம். லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரி பிரசவத்தில் இறந்துபோனாள். என்னோடு சேர்த்து அந்தக் குழந்தைக்கும் அம்மா பால் கொடுத்தாள். பிறப்புப் பத்திரத்திலும் எங்கள் அப்பா அம்மா பெயர்தான். தோட்டத்தில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. யாரும் மறைக்கவில்லை, அவளுக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் இருவரில் ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை!

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா!"

"என்கிட்ட எங்க கேட்டீங்க?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மாகிட்டேருந்து வந்திருக்கும்னு ஆறு வாரமா செத்துப் பொழச்சேன்க்கா. வேற மாதிரி தோணவே இல்ல" என்று தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவும் சிரித்தபடி பழைய தாளை எடுத்து, அவள் வட்டத்துக்கு மேலிருந்த கோட்டை அடிக்கப் பேனாவைத் திறந்தார். தங்கச்சி அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"பக்கத்துல என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க டாக்டர். கோடு இருக்கட்டும்."