கேமராவில் தெரிகிற நாற்காலி

பட்ஜெட் விவாதம் என்றாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மக்களவை காலியாகிவிடும். நிருபர் மாடத்திலிருந்து பார்த்தால் பச்சை நாற்காலிகள்தான் தெரியும். அந்தக் கொங்குநாட்டு எம்.பி. மட்டும் இருப்பார். வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி. யார் பேச எழுந்தாலும், எந்தக் கட்சியானாலும், சத்தமில்லாமல் போய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். டி.வி.யில் முகம் காட்டத் துடிக்கிறார் என்று எங்களுக்குள் சிரிப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்த அவரிடம் ஏன் இப்படி என்று கேட்டே விட்டேன்.

"அம்மிணி, ஒருத்தர் பேசறத ஊர்ல அவங்கம்மா டி.வி.ல பார்ப்பாங்கல்ல? பின்னால வெறும் நாற்காலியா இருந்தா அவங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றார்.

அந்த வாரமே அவருடைய முறை வந்தது. சாயக்கழிவு கலந்துபோன தன் ஊர்க் கிணறுகளைப் பற்றிப் பேசினார். பின்னால் ஓர் ஆள்கூட இல்லை. முந்தைய நாள் இவர் யாருக்குப் பின்னால் உட்கார்ந்தாரோ, அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரோ பேசி முடித்தார். காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்துப் பேச எழுந்தவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.