அந்த மிஷின் மேல் போட்ட பழி

சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று என் மனைவி சாந்தாமணி சொன்னபோது, வெயில் சூடு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கண்கள் மஞ்சளாயின. மண்ணரை என்ற எங்கள் ஊரில், வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தாள்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் போட்டுப் போட்டு அவளுக்குத் தோள்வலி. அதற்குப் பத்து நாளாக அல்ட்ராசவுண்ட் (காதுக்குக் கேட்காத ஒலியால் தசைக்குச் சூடு தரும் சிகிச்சை) வைத்துக்கொண்டிருந்தோம். பிரவுசிங் சென்டரில் தேடினேன். அல்ட்ராசவுண்ட் சிவப்பணுக்களை உடைக்கும் என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அதை அவளிடம் சொன்னேன்.

கோவையில் ரத்தம் பார்த்த டாக்டரம்மா, ஹீமோலிசிஸ் (சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைவது) என்றார்.

"தோளுக்கு வெச்ச அந்த அல்ட்ராசவுண்ட் மிஷினாலதானுங்களே?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. குழாயில ரத்தத்தை வச்சு ரொம்ப பலமா அந்த ஒலியைப் பாய்ச்சினா, குமிழி உண்டாகி அணுக்கள் கிழியும். அது நிசந்தான். தோளுக்கு வைக்கறதுல அந்த பலம் கிடையாது. இவங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே சொந்த ரத்தத்தை அழிக்குதுங்க. இன்னைக்கே ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும். மண்ணீரலை ஸ்கேன்ல பாத்துரலாம். அதுவும் அல்ட்ராசவுண்ட்தான், பயப்படாதீங்க."

சாந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, ஊட்டுக்குப் போயிரலாமுங்க. மிச்சமிருக்கற ரத்தமாவது இருக்கட்டும்."

டாக்டரம்மா பொறுமையாக மறுபடியும் சொன்னார். எனக்கும் உள்ளூர அதே பயம். பொறுப்பு எங்களுடையது என்று கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிட்டேன். எழுதிக் கொடுத்த மாத்திரையையும் அவள் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. முருங்கைக் கீரையும் பீட்ரூட் சாறும் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் காலை, உட்கார்ந்தபடியே சாய்ந்தாள்.

மறுபடி சேர்த்தபோது ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுச் சத்து) மூன்றுக்குக் கீழே; பன்னிரண்டாவது இருக்க வேண்டும். அவளுக்கு ஒத்துப்போகும் ரத்தம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஸ்டீராய்டு வேலை செய்ய நாள் பிடிக்கும் என்றார்கள். வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுத்தபோது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. மறுநாள் மதியம் இதயம் நின்றது.

"அன்னைக்கே ஸ்டீராய்டு ஆரம்பிச்சிருந்தா பொழைச்சிருப்பாளுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சொன்னார்: "பிழைச்சிருக்க வாய்ப்பு அதிகமுங்க."

இதே நோயோடு ஒருவரை அழைத்துக்கொண்டு அலைபவர்கள் இதை வாசிக்கலாம். சந்தேகம் வந்தால் கேளுங்கள், நூறு முறை கேளுங்கள். மருந்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டேன்.

சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய நான்கு மாதம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவள் போய் ஐந்து மாதமாகிறது. அவள் பக்கத்தில் படுத்திருந்த நாட்களில் எனக்குள் ஓடிய சிவப்பணுக்கள் அநேகமாக எல்லாமே தீர்ந்திருக்கும். இப்போது ஓடுவது அவளைத் தெரியாத ரத்தம்.